பாக்ரதியோனி: ஆயிரம் ஆண்டு அரசகுலம்

காக்கசஸ் மலைகளுக்கிடையே, அரபு, பைசாந்திய, பாரசீகப் பேரரசுகளின் நெருக்கடியில் சிக்கியிருந்த ஜார்ஜியாவை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஒரே குலம் ஆண்டது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. விவிலியத்தின் தாவீது மன்னரின் வழிவந்தவர்கள் என்று பாக்ரதியோனிகள் உரிமை கொண்டாடினர். வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை என்றாலும், அவர்களது குலச்சின்னத்தில் தாவீதின் யாழும் கவணும் இடம்பெற்றன.

1008இல் மூன்றாம் பாக்ரத் சிதறிக்கிடந்த பகுதிகளை ஒன்றிணைத்தார். ஆயினும் என் மதிப்பில் இக்குலத்தின் தலைசிறந்த மன்னர் நான்காம் தாவீதுதான். பதினாறு வயதில் அரியணை ஏறிய அவர், புல்வெளி நாடோடிகளான கிப்சாக் குடிகளை வரவழைத்துப் படையைப் பெருக்கி, 1121இல் திட்கோரி போர்க்களத்தில் செல்ஜுக் துருக்கியரின் கூட்டுப்படையை முறியடித்து, மறு ஆண்டே திபிலிசியைக் கைப்பற்றினார். தாம் நிறுவிய கெலாத்தி மடாலயத்தின் வாயிலில், உள்ளே வருவோர் மிதித்துச் செல்லும்படியாகத் தம் கல்லறையை அமைக்கச் செய்தார் என்பது மரபு.

அவருடைய கொள்ளுப்பேத்தி தமார் 1184இல் தனியாட்சி ஏற்றபோது பெண்ணாட்சியைப் பிரபுக்கள் எளிதில் ஏற்கவில்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த ரூசிய இளவரசர் யூரியை மணந்த அவர், பின்னர் அவரை மணவிலக்குச் செய்து நாட்டைவிட்டே வெளியேற்றினார். கலகத்துடன் திரும்பிய யூரி தோற்றுப்போனார்.

மங்கோலியர் படையெடுப்புக்குப் பின் சரிந்த அரசு, பதினைந்தாம் நூற்றாண்டில் மூன்றாகப் பிளந்தது. 1783இல் ரஷ்யாவின் பாதுகாப்பை நாடி கிழக்கு ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லே உடன்படிக்கை செய்தும், 1795இல் பாரசீக ஆட்சியாளர் ஆகா முகமது கான் திபிலிசியைச் சூறையாடியபோது ரஷ்யப் படை உதவிக்கு வரவில்லை. உடன்படிக்கை அரியணைக்கு உறுதியளித்திருந்தும், 1801இல் அதே ரஷ்யா கிழக்கு ஜார்ஜியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. மேற்கே இமெரெத்தி 1810இல் வீழ்ந்தது.