ரை நகரத்து மெர்மெய்ட் விடுதியில் ஒரு வார இறுதி

இங்கிலாந்துக்குக் குடிவந்த எம்மவர் பலர் இந்நாட்டு விடுதிகளுக்குள் முதலில் நுழைவது வேலையாட்கள் செல்லும் பின்வாசல் வழியாகத்தான். மாணவ விசாவில் வந்த காலத்தில் நானும் லண்டனில் ஒரு விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவியவன். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தபோது, அவரோடு ஒரு பழைய ஆங்கில விடுதியின் முன்வாசலால் நுழைந்து, விருந்தாளியாகத் தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறி, ஆஷ்ஃபர்டில் மாறினால் தென்கிழக்கு இங்கிலாந்தின் பழைய ஊரான ரை வந்துவிடும். கூழாங்கற்கள் பதித்த செங்குத்தான தெருவில், கறுத்த மரச் சட்டங்களோடு நிற்கிறது மெர்மெய்ட் விடுதி. அதன் நிலவறைகள் 1156ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 1377இல் பிரெஞ்சுப் படையினர் ஊரை எரித்த பின்னர், இப்போதுள்ள கட்டடம் 1420இல் எழுந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் என்னும் கடத்தல்காரர்கள், தோட்டா நிரப்பிய துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துக்கொண்டு இங்கே குடித்தார்கள் என்பது ஊர் வழக்கு. அவர்கள் கடத்திய முக்கியப் பொருள்களில் ஒன்று தேயிலை. அரசு பறிமுதல் செய்த தேயிலையை மீட்க, 1747 அக்டோபரில் பூல் துறைமுகத்துச் சுங்கக் கிடங்கையே அவர்கள் உடைத்தார்கள். 1784இல் தேயிலை வரி 119 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆகக் குறைக்கப்பட்ட பிறகே அத்தொழில் படுத்தது. வல்வெட்டித்துறைக் கடத்தல் வள்ளங்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "வரி கூடினால் கடல் பாதை திறக்கும்தானே, தம்பி" என்றார்.

அறையின் தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கட்டில் ஆடாமலிருக்க ஒரு காலின் கீழ் மரத்துண்டு செருகியிருந்தார்கள். அத்துண்டும் பலர் கைபட்டு வழவழப்பாகியிருந்தது. பழையதைப் பெயர்த்தெறியாமல் இப்படி முட்டுக்கொடுத்துக் காப்பாற்றும் ஆங்கிலேயரின் குணத்தை நான் மனதார மதிக்கிறேன்.

காலை உணவின்போது, அம்மாவின் வயதை ஒத்த ஆங்கிலப் பெண்மணி ஒருவர் பரிமாறினார். அம்மா ஒவ்வொரு தடவையும் எழுந்து தட்டை வாங்கப் போனார். அப்பெண்மணி அவர் தோளை மெல்லத் தொட்டு அமர்த்திவிட்டு, புகையூட்டிய ஹெரிங் மீனின் முள்ளை எடுக்கும் விதத்தைக் கத்தி முனையால் காட்டிக்கொடுத்தார். அம்மா கத்தியை ஒதுக்கிவிட்டு விரல்களால் முழு முள்ளையும் ஒரே இழுப்பில் எடுத்துக் காட்ட, அவர் உள்ளே போய்ச் சமையற்காரரையும் கூட்டிவந்தார். இத்தனை ஆண்டுகளில் அலுவலகத்திலோ அயல்வீட்டிலோ எனக்குக் கிட்டாத ஒரு சமநிலை அந்த மேசையில் சில நிமிடங்களுக்கு நிலவியது.

பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடமாதலால் அங்கே லிஃப்ட் இல்லை, படிகளும் குறுகலானவை. முன்பதிவு செய்யும்போதே படி குறைந்த அறையைக் கேட்டு வாங்குங்கள்.