எண் ரயிலும் எழுத்து ரயிலும்

நியூயார்க் நகரச் சுரங்க ரயிலான சப்வேயின் வரைபடத்தில் எல்லாமே வண்ணக் கோடுகள்தான். ஆனால் எண் போட்ட ரயில்கள் ஒரு சாதி, எழுத்துப் போட்டவை வேறு சாதி. அதைக் கண்ணால் பார்க்க குயின்ஸ்பரோ பிளாசாவில் இறங்கினேன்.

தெருவுக்கு மேலே இரண்டடுக்கு நிலையம். மேலே குயின்ஸ் பகுதிக்குள் போகும் வண்டிகள், கீழே மன்ஹாட்டன் போகும் வண்டிகள். ஒரே பிளாட்பாரத்தில் ஒரு பக்கம் ஊதா நிற 7 நிற்கிறது. மறுபக்கம் மஞ்சள் நிற ‘என்’ (N) ரயில் வந்து நிற்கிறது. 7-இன் பெட்டி ஒன்பதடி அகலம்கூட இல்லை, ‘என்’ ரயிலின் பெட்டியோ பத்தடி. ஓரடி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 7-இல் எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களுக்கு நடுவே நின்று பாருங்கள், புரியும்!

தண்டவாளத்தின் அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1904 அக்டோபர் 27 அன்று ஐ.ஆர்.டி. கம்பெனி திறந்த முதல் சுரங்கம் குறுகிய பெட்டிகளுக்காகத் தோண்டியது. பின்னால் வந்த பி.எம்.டி. கம்பெனியும் நகரமே கட்டிய ஐ.என்.டி.யும் அகலப் பெட்டிக்கு இடம் விட்டன. 1940-இல் மூன்றும் நகரத்தின் கைக்கு வந்துவிட்டன. சுரங்கச் சுவரை யார் தள்ளி வைப்பது? அதனால்தான் இன்றும் குறுகிய எண் ரயில்களுக்கு ஏ டிவிஷன், அகல எழுத்து ரயில்களுக்கு பி டிவிஷன் என்று இரண்டு. எழுத்துப் போட்ட ஏ ரயில் ஓடுவது பி டிவிஷனில் என்பது தனி வேடிக்கை.

‘என்’ ரயில் போகும் அஸ்டோரியா பாதையிலும் ஒருகாலத்தில் குறுகிய வண்டிகள்தான் ஓடின. 1949-இல் அது பி.எம்.டி. பக்கம் போனதும் பிளாட்பார விளிம்புகளைச் செதுக்கி அகல வண்டிக்கு வழிவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஒரு பாதை டிவிஷன் மாறியது இப்படித்தான்.

நான் 7-இல் ஏறி ஃப்ளஷிங் போனேன். பெட்டியின் பக்கவாட்டில் பச்சை வட்டம் எரிந்தால் எல்லா நிலையத்திலும் நிற்கும், சிவப்பு டைமண்ட் என்றால் எக்ஸ்பிரஸ். எக்ஸ்பிரஸ் ஓடுவது நடுத் தண்டவாளத்தில். காலையில் மன்ஹாட்டன் நோக்கி, மாலையில் ஃப்ளஷிங் நோக்கி. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பச்சையிலேயே ஏறுங்கள். குயின்ஸ் பூல்வார்டின் கான்கிரீட் வளைவுகள் மேலும், பிறகு ரூஸ்வெல்ட் அவென்யூவின் இரும்புத் தூண்கள் மேலும், மாடி ஜன்னல்களை ஒட்டியே போகும். கடைசி நிலையமான மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் பவுன் தெருவில் பிள்ளையார் கோவில், 1977-இல் கும்பாபிஷேகம் கண்டது. தரிசனம் முடித்து, கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.