கச்சத்தீவு அந்தோணியாரைப் பார்க்கப் போகும்போது பையில் என்ன இருக்க வேண்டும்?

கச்சத்தீவில் குடியிருப்பு இல்லை, கடை இல்லை, குடிக்க நல்ல தண்ணீரும் இல்லை. 285 ஏக்கர் மணலும் முட்புதரும், ஒரு புனித அந்தோணியார் கோயிலும்தான். தவக்காலத்தில் வெள்ளி, சனி இரண்டு நாள் நடக்கிற திருவிழாவுக்கு மட்டும் இலங்கைக் கடற்படை தண்ணீரும் சாப்பாடும் ஏற்பாடு செய்கிறது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்கிற இடம் அது. அதை நம்பி வெறுங்கையோடு படகேறக் கூடாது. குமரி மாவட்டத்திலிருந்து போகிறவர்கள் சாமானை நாகர்கோவிலிலேயே முடித்துக்கொள்வது நல்லது. கடைசி நாள் இராமேசுவரக் கூட்டத்தில் ஒரு மெழுகுதிரி வாங்கவே பாடுபட வேண்டும்.

இராமேசுவரத்தில் உள்ள வேர்க்கோடு கத்தோலிக்கப் பங்கு வழியாகப் பெயர் பதிந்து, படகு உறுதியான பிறகுதான் கெட்டுப்போகிற பொருளை வாங்க வேண்டும். பயணம் நின்றுபோகவும் கூடும்: 2024-ல் தமிழக மீனவர்களுக்கு இலங்கை விதித்த சிறைத் தண்டனையைக் கண்டித்து இராமேசுவரத்திலிருந்து பக்தர்கள் யாரும் போகவில்லை. 1974 ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டும் விசாவும் தேவையில்லை. ஆனால் பதிவுக்குக் கொடுத்த அடையாள அட்டையின் அசல் கையில் இருந்தே ஆக வேண்டும்; அதை நனையாத உறையில் போட்டு இடுப்போடு வைத்துக்கொள்ளுங்கள், பைக்குள் அல்ல.

தண்ணீர் ஆளுக்கு 5 லிட்டர். இதை ஒரே கேனில் கொண்டுபோவதுதான் பலர் செய்கிற தப்பு. கரையோரம் ஆழம் குறைவு. இறங்கும்போது படகு ஆடும், முழங்கால் நனையும், ஒரு கை பிடிமானத்துக்கு வேண்டும். 2 லிட்டர் தோள்பையில், மீதி 3 லிட்டர் மூடி இறுகிய சின்னக் கேனில் என்று பிரித்தால் சமாளிக்கலாம். பாலித்தீன் பைகள் வேண்டாம். துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் போதும்.

சாப்பாட்டில் தேங்காய் சேர்ந்தது எதுவும் ஆகாது. காலையில் அரைத்த சட்னி வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, புளிச்சோறு இரண்டும் வெள்ளிக்கிழமை இரவு வரை தாங்கும். அது தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி கூடாது, கட்டுச்சோற்றிலும் அதை நினைவில் வையுங்கள். சனிக்கிழமைக்கு ஆளுக்கு கால் கிலோ அவல், 100 கிராம் கருப்பட்டி. நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்தில் (சந்தையில்) கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைத்த முகத்தில் துகள் துகளாக மின்னினால் சீனி கலந்தது. பழத்தில் ஏத்தன் (நேந்திரன்) வாழைதான் சரி. காம்புப் பக்கம் பச்சை மிச்சமிருக்கிற காயாகப் பார்த்து புதன்கிழமை வாங்கினால் சனிக்கிழமை பதமாக இருக்கும். மட்டிப்பழம் ருசிதான், ஆனால் மெல்லிய தோல். பையில் நசுங்கி உடுப்பெல்லாம் ஒட்டும். நொறுக்குத்தீனிக்கு முந்திரிக்கொத்தும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) வற்றலும் போதும், ஒரு வாரம் ஆனாலும் கெடாது.

குமட்டல் வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, படகேறுவதற்கு அரைமணி முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். வெறும்வயிறும் ஆகாது, இரண்டு இட்லி போதும். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்து இரண்டு நாள் கூடுதலாக இருக்கட்டும். காற்று மாறினால் திரும்பும் நேரமும் மாறும்.

வெள்ளி மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி. சனி காலை தமிழும் சிங்களமும் கலந்த திருப்பலி. இடையில் படுக்கை மணலில்தான். ஒரு கோரைப்பாய், போர்வை, பனிக்குத் தலையில் கட்ட ஒரு தோர்த்து (துண்டு), முள்ளுக்குக் கெட்டியான செருப்பு, ஒரு டார்ச். செல்போன் டவரை நம்பாமல், கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர்வது என்று இறங்கியதுமே பேசிவிடுங்கள்.

நேர்ச்சைக்கு மெல்லிய மெழுகுதிரி வாங்கிப் பிரயோசனமில்லை, கடற்காற்றில் நிற்காது. விரல் தடிமனில் ஆறு வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பாய்க்கு நடுவில் வைத்துச் சுருட்டினால் வெயிலில் வளையாது. தீப்பெட்டி எவர்சில்வர் டப்பாவுக்குள் இருக்கட்டும். உப்பு மிளகு காணிக்கை போடுகிறவர்களுக்கு ஒவ்வொன்றும் 100 கிராம் தாராளம். கிலோக்கணக்கில் எடுத்தால் சுங்கச் சோதனையில் அது வியாபாரச் சரக்காகத்தான் தெரியும். அந்தக் காலத்தில் இந்தத் திருவிழாவில் பண்டமாற்று சாதாரணம், இரு கரை ஆட்களும் சோப்பும் துணியும் மாற்றிக்கொண்டார்கள். அந்த நினைப்பில் இன்றைக்கு யாரும் மூட்டை கட்ட வேண்டாம். பீடி, சிகரெட், மது ஒன்றும் கூடாது. ஒருவர் பையில் கிடைத்தால் படகில் இருக்கிற எல்லோருக்கும் தாமதம்.

சோதனையில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள் என்று எண்ணியே அடுக்குங்கள்: அடியில் போர்வையும் உடுப்பும், மேலே டப்பாக்கள். திரும்பி வரும்போதும் இதே சோதனை உண்டு.