ஃப்ரீஸுக்கு முன் வந்து சேர்ந்த ஒரு சார்பு நிரல்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 12-ஆம் பதிப்புக்கான சாஃப்ட் ஃப்ரீஸ், அதாவது வெளியீட்டுக்கு முன் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் கட்டம், 2023 பிப்ரவரி 12 அன்று தொடங்கவிருந்தது. அதற்குப் பிறகு, அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் கிளையில் ஏற்கெனவே இடம்பெறாத எந்தப் பொதியும் (நிறுவுவதற்கேற்பக் கட்டப்பட்ட மென்பொருள்) உள்ளே வர முடியாது. நான் பராமரிக்கும் பைத்தான் பொதி ஒன்றின் மூலத் திட்டத்தினர் (அந்த மென்பொருளை எழுதுபவர்கள்) ஜனவரியில் வெளியிட்ட பதிப்பிலோ, டெபியனில் அதுவரை இல்லாத ஒரு சிறு லைப்ரரி (பிற நிரல்கள் பயன்படுத்தும் துணை நிரல்) கட்டாயத் தேவையாகச் சேர்ந்திருந்தது. முக்கியமான பிழைத்திருத்தங்களும் அதே பதிப்பில் இருந்ததால், பழைய பதிப்போடு நின்றுவிட எனக்கு மனம் வரவில்லை.

லைப்ரரியைப் புதுப் பொதியாகச் சேர்ப்பதே நேரான வழி. ஆனால் புதிய பொதி எதுவும் முதலில் 'நியூ' வரிசையில் நிற்க வேண்டும். அங்கே தன்னார்வலர்கள் அதன் உரிம விவரங்களைத் தாமே படித்துப் பார்த்த பிறகே அனுமதிப்பார்கள். அனுமதி கிடைத்தாலும், முதலில் நாம் ஏற்றிய பைனரி (இயக்கத் தயாரான வடிவம்) டெஸ்டிங்குக்கு நகராது என்பதால், மூல நிரலை மட்டும் மறுபடி ஏற்றி, டெபியனின் பில்ட் கணினிகள் அதை உருவாக்கிய பின், வழக்கமான ஐந்து நாள் காத்திருப்பும் முடிய வேண்டும்.

இத்தகைய நேரங்களில் பலரும் நாள் கணக்கை மட்டுமே பார்க்கிறார்கள். எல்.டி.எஸ். எனும் நீண்டகால ஆதரவுக் காலத்தையும் சேர்த்தால் டெபியன் 12-க்கு 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு; அதுவரை இந்த லைப்ரரியின் சுமையை யார் தாங்குவார்கள் என்பதே எனக்கு முதன்மையான கேள்வியாகப் பட்டது. அந்தக் கண்ணோடு மூல நிரலைப் பிரித்துப் பார்த்தபோது, ஓர் அடைவில் வேறொரு திட்டத்திலிருந்து எடுத்த கோப்புகள், உரிமக் குறிப்போ ஆசிரியர் பெயரோ இல்லாமல் கிடந்தன. பொதியின் உரிமங்களைப் பதிவுசெய்யும் காப்பிரைட் கோப்பில் அவற்றைப் பற்றி நேர்மையாக எழுத என்னிடம் எந்த விவரமும் இல்லை. லைப்ரரியின் ஆசிரியருக்கு அதை விளக்கி எழுதினேன்.

அதன் பிறகு, அந்த லைப்ரரி எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று எங்கள் பொதியில் தேடினேன். ஒரே ஒரு ஃபங்ஷனில்தான், அதுவும் பெரும்பாலோர் தொடாத ஓர் ஏற்றுமதி வசதிக்காக. கோப்பின் தலைப்பில் இருந்த, லைப்ரரியை உள்ளிழுக்கும் இம்போர்ட் வரியை அந்த ஃபங்ஷனுக்குள் நகர்த்தி, லைப்ரரி இல்லாவிட்டால் தெளிவான பிழைச்செய்தி வருமாறு சிறு பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒன்றை எழுதினேன். லைப்ரரியின் நிரலை எங்கள் பொதிக்குள்ளேயே நகலெடுத்து வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை; அப்படி ஒளிந்திருக்கும் நகலில் பாதுகாப்புக் குறை வந்தால், அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

அதே பேட்சை மூலத் திட்டத்துக்கும் அனுப்பினேன். வெளியீட்டுக்கு நெருக்கத்தில் கட்டாயத் தேவையைக் கூட்டுவது டெபியன் போன்ற விநியோகங்களுக்கு எவ்வளவு சிரமம் என்று விளக்கியதும், அவர்கள் மனமுவந்து ஏற்று, அந்த வசதியை விருப்பத் தேர்வாக்கினார்கள். எங்கள் பொதி ஃப்ரீஸுக்கு முன்பே டெஸ்டிங்கை அடைந்தது. ஜூன் 10 அன்று டெபியன் 12 வெளியான பின்னர், உரிமம் தெளிவுபட்ட லைப்ரரியை அடுத்த வெளியீட்டுக்காக 'நியூ' வரிசைக்கு அனுப்பினேன். எங்கள் பொதியில் அது இப்போது கட்டாயத் தேவையாக இல்லாமல் பரிந்துரை அளவிலேயே இருக்கிறது.