கறுப்பு வெள்ளையில் பிழைத்த மண்டபம்

பார்சிலோனாவுக்குப் போகிறவர்கள் கட்டடக் கலைஞர் கௌடியின் சக்ராடா ஃபமிலியா தேவாலயத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். எனக்கு முதலில் பார்க்க வேண்டியிருந்தது, மோன்ஜுயிக் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் ஜெர்மானிய மண்டபத்தை. எஸ்பான்யா சதுக்கத்தில் மெட்ரோவிலிருந்து இறங்கி நடக்கிற தூரம்தான்.

1929 உலகக் கண்காட்சிக்காக, ஜெர்மனியின் சார்பில், அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவும் வடிவமைப்பாளர் லில்லி ரைக்கும் வடிவமைத்தது. கண்காட்சி முடிந்ததும் 1930-ல் பிரித்துப்போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக, கட்டடக்கலை மாணவர்கள் வியந்ததும் ஆசிரியர்கள் சிலாகித்ததும் பெரும்பாலும் ஒருசில கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான். இல்லாத கட்டடம் ஒன்று இவ்வளவு பேர் சம்பாதித்தது வேறெங்கும் நடந்திருக்குமா, தெரியவில்லை. வரைபடங்களையும் அந்தப் படங்களையும் பழைய அஸ்திவாரத்தையும் வைத்து அதே இடத்தில் மறுபடி எழுப்பி முடித்தது 1986-ல்.

அந்தப் பழைய படங்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. அதனாலேயே அளவு பிடிபடாமல், பெரிய மாளிகை என்ற நினைப்பு வந்துவிடும். உள்ளே நுழைந்தால் கூரை மூன்று மீட்டர் சொச்சம்தான். ஹாம்பர்க்கில் கிடைத்த ஓனிக்ஸ் என்ற வரியோடிய அலங்காரக் கல்லின் பாளம் ஒன்றின் உயரத்தை இரட்டிப்பாக்கியே அந்த உயரத்தை முடிவுசெய்ததாக மீஸ் சொல்லியிருக்கிறார்.

அந்த ஓனிக்ஸ் சுவருக்கு அருகில் போய் நின்றேன். தேன் நிறம், குறுக்கும் நெடுக்குமாகப் பழுப்பு நரம்புகள், நடுநடுவே பால் வெள்ளைத் திட்டுகள். படத்தில் இது வெறும் சாம்பல் பலகை. எதிரே கண்ணாடியை ஒட்டிச் சிவப்புத் திரை, காலடியில் கறுப்புக் கம்பளம். கறுப்பு, சிவப்பு, பொன்: அன்றைய ஜெர்மன் குடியரசின் கொடி நிறங்கள். மன்னராட்சி ஒழிந்த பின் வந்த புதிய குடியரசு தன்னை உலகுக்குக் காட்டிக்கொண்ட இடம் இது. கேமராவோ நிறத்தையும் அதோடு சேர்த்து அரசியலையும் கழற்றி வைத்துவிட்டு, கோடுகளையும் தளங்களையும் மட்டும் உலகத்துக்கு அனுப்பியது. நவீனக் கட்டடம் என்றாலே வெள்ளையும் சாம்பலுமாக, அலங்காரத்துக்கு ஆகாததாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியதில் இத்தகைய படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன். இங்கே இழைத்த கற்களின் ஆடம்பரத்துக்கும் அந்த எண்ணத்துக்கும் ஒட்டே இல்லை.

சிறிய குளத்தில் நிற்கும், சிற்பி கோல்பேயின் பெண் சிலையை மட்டும் படத்தில் பார்த்த கோணத்திலேயே எல்லோரும் படமெடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பிறகு பக்கவாட்டில் போனால், பின்னால் இருக்கும் பச்சைப் பளிங்குச் சுவர் சிலையைவிட அழகு. போகிறவர்கள் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். மேகமூட்டத்தில் ஓனிக்ஸ் சோபிப்பதில்லை.