நாயை ஆபீஸுக்குக் கூட்டி வருமுன்

ஆபீஸுக்கு நாயைக் கூட்டி வரலாமா என்ற பேச்சு வந்தாலே, மனிதர்களுக்கு அது நல்லதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நல்லதுதான். அமெரிக்காவின் வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நாயோடு வேலைக்கு வந்தவர்களுக்குப் பொழுது போகப் போக மன அழுத்தம் குறைந்தது. நாயை வீட்டிலேயே விட்டு வந்தவர்களுக்கு ஏறியது.

சரி, நாய்க்கு அது நல்லதா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பேன். மேசைக்கடியில் சத்தமில்லாமல் படுத்திருந்தால் சமத்து என்று நினைத்துவிடுகிறோம். கொஞ்சம் குனிந்து பாருங்கள். தூக்கக் கலக்கமே இல்லாமல் கொட்டாவி விடுகிறதா? எதிரில் சாப்பாடு எதுவும் இல்லாதபோதும் உதட்டை நக்குகிறதா? தடவ வரும் கையைக் கண்டு முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா? பெரும்பாலும் அது பயந்து போயிருக்கிறது. அதை வீட்டில் விட்டு வருவதுதான் அன்பு.

அப்புறம், பக்கத்து மேசைக்காரர். ஒவ்வாமை வருவது முடியால் அல்ல, நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் உள்ள புரதங்களால். அதனால் முடி குறைந்த நாய் என்றாலும் அவருக்குத் தும்மல் வரலாம். நாய் என்றாலே நடுங்குபவர்களும் உண்டு. நாலு பேர் முன்னால் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தனியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, மிக அவசரமானது: மேசை இழுப்பறையில் கிடக்கும் சாக்லேட்டும் சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பு சேர்த்த சூயிங்கமும் நாய்க்கு விஷம். அவற்றை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.