குவாய் நதிக்கரையில் இரண்டு நாள்

எங்கள் குடும்பத்தில் 'சயாமுக்குப் போனவர்' என்று ஒருவர் உண்டு. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். தாத்தாவின் தம்பியான அவர் மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். 1943-இல், ஜப்பானியர் ஆட்சியின்போது, ரயில்பாதை போடும் வேலைக்குப் போனவர் திரும்பி வரவேயில்லை. அந்தப் பாதையை ஒருமுறையேனும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற நெடுநாள் எண்ணத்தோடு சென்ற டிசம்பரில் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய்வந்தேன்.

பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் சாதாரண ரயிலே பழைய பாதையில் நாம்தோக் வரைக்கும் போகிறது. தாய்லாந்தின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட பாதையில் இன்று ரயில் ஓடுவது இந்தத் துண்டில் மட்டும்தான். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்றபின், மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குக் கப்பலில் படைப்பொருள் அனுப்புவது ஜப்பானியருக்கு ஆபத்தாகிவிட்டது. அதனால் காட்டையும் மலையையும் அறுத்துக்கொண்டு தரைவழியே பாதை போட முடிவுசெய்து, 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். அந்த வேகத்திற்கு விலை கொடுத்தவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும், மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட, இரண்டு லட்சம் அளவிலான ஆசியத் தொழிலாளர்களும். மலாயாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் முதல் நாள் முழுவதும் கழிந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்து வீரர்கள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அங்கே உறங்குகிறார்கள். சாய்வான கற்பீடம் ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கலத் தகடு. அதில் படைப்பிரிவு, பெயர், இறந்த நாள், வயது, அவற்றுக்குக் கீழே வீட்டார் எழுதியனுப்பிய ஓரிரு வரிகள். வயது இருபத்திரண்டு, இருபத்துநான்கு என்று படித்துக்கொண்டே போகையில் தொண்டை அடைத்தது. அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். யார் எப்போது இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று ஒளித்துவைத்துக் குறிப்பெழுத ஆளும் இருந்தது.

தோட்டத்துச் சனங்களுக்கு அப்படி எவரும் இல்லை. போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று வேலையும் அரிசியும் இல்லாமல் தவித்தவர்களை நல்ல கூலி, மூன்றே மாதம் என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போனார்கள். போனவர்கள் திரும்பாத செய்தி பரவியபின் ஆள்பிடித்து லாரியில் ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியபோது மிக அதிகமாக மடிந்தவர்கள் இவர்களே. ஆசியத் தொழிலாளர்களில் தொண்ணூறாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். இது மதிப்பீடுதான், எண்ணிச் சொன்ன கணக்கு அன்று. 1947-இல் மலாயாவில் குடிக்கணக்கு எடுத்தபோது இந்தியர் தொகை 1931-இல் இருந்ததைவிடக் குறைந்திருந்தது. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டவர்களும் அதில் அடக்கம் என்பதால் முழுப் பழியையும் ரயில்மேல் சுமத்த முடியாது. ஆனாலும் ஆண்துணை இல்லாமல் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிள்ளை வளர்த்த பெண்களின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் குறைவு வெறும் எண்ணாகப் படவில்லை.

இரண்டாம் நாள் அந்த ரயில்பாதையின் குவாய் நதிப் பாலத்துக்குப் போனேன். வளைந்த இரும்புச் சட்டங்கள் அக்காலத்தவை. நடுவில் கோண வடிவில் இருப்பவை குண்டுவீச்சில் உடைந்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப்பின் வைத்தவை. பாலத்தின்மேல் ஒரே கூட்டம். சற்றுத் தள்ளி, 1944-இல் ஜப்பானிய ராணுவமே எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. வேலையில் இறந்தவர்களுக்காக அதன் மூலைச் சுவர்களில் பல மொழிகளில் கல்வெட்டுகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று தமிழ். அங்கே தமிழைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவேயில்லை. விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். ஒரு படை தன்னால் செத்தவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே கல் நட்டிருக்கிறது. அந்தக் கல்லில் ஒருவர் பெயரும் இல்லை. அதை என்னால் நன்றியாகவும் ஏற்க முடியவில்லை, வெறுத்து ஒதுக்கவும் முடியவில்லை.

மதியம் நாம்தோக் ரயிலில் ஏறினேன். தாம் கிராசே என்னுமிடத்தில் பாறையை ஒட்டிய மரப்பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்து போயிற்று. ஒரு பக்கம் வெட்டிய பாறை, கை நீட்டினால் தொடலாம். மறுபக்கம் கீழே ஆறு. எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாறையில் உளி பட்ட தடம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

விடுதிக்குத் திரும்பியதும் ஈப்போவில் இருக்கும் பெரிய அத்தையை அழைத்து, சின்னத் தாத்தாவின் முழுப்பெயர் என்ன என்று கேட்டேன். எண்பத்தொன்பது வயதாகிறது அவருக்கு. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சின்னான்னுதான்பா எல்லாரும் கூப்பிடுவாங்க. தோட்டத்து ஆபீஸ்ல என்ன பேரு எழுதியிருந்தாங்களோ, யாருக்குத் தெரியும்? போகும்போது அந்த நீல மங்குக் கோப்பைய எடுத்துக்கிட்டுப் போனாரு, அது மட்டும் ஞாபகம் இருக்கு."